பிரேக்குக்கு முந்நூற்றுப் பத்து கிராம்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பாதியில வந்து "என்ன இப்படிப் பேசறே"ன்னு யாரும் கேட்கக் கூடாது. நேர்ல பார்த்தா "வாங்கக்கா, உட்காருங்கக்கா"ம்பேன். மனசுக்குள்ள அவ "அவ"தான். இங்கேயும் அப்படியேதான் சொல்லப் போறேன்.

அவ என் வீட்டுக்காரரோட அக்கா. ஆம்புலன்ஸ் பழுது பார்க்கிற பட்டறையில இருபத்திரண்டு வருஷமா பிரேக் வேலை. அங்க யாருக்கும் அவ பேரே தெரியாது, "பிரேக்கு"தான். "பிரேக்கு வந்தாச்சா?" "பிரேக்கு சாப்பிடப் போயிருக்கு." கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்னு கேட்டா, "வந்தவனுங்க எவனுக்கும் நிறுத்தத் தெரியலை, பேச்சைச் சொல்றேன்"ம்பா.

அவகிட்ட ரெண்டு கிறுக்கு உண்டு. ஒண்ணு, எந்த வண்டியில ஏறப் போனாலும் டிரைவரை இறங்கச் சொல்லிட்டு, பெடலை மூணு தடவை அமுத்திப் பார்த்துட்டுத்தான் பின்னாடி போய் உட்காருவா. ஒரு வாடகைக் கார்க்காரர் கோவிச்சுக்கிட்டு எங்களை நடுரோட்டுல விட்டுட்டே போயிட்டார். மழை வேற. ரெண்டாவது, இடுப்புல எப்பவும் ஒரு வெள்ளைத் துணி. பிரேக் ஆயில் ஓடற குழாயை மாட்டி முடிச்சதும், ஆளை விட்டு பெடலை ஓங்கி மிதிக்கச் சொல்லுவா. அப்புறம் குழாய் சேர்ற ஒவ்வொரு மூட்டையும் அந்தத் துணியால துடைச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பா. துளி ஈரம் தெரிஞ்சாலும் மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி மாட்டுவா. என் வீட்டுக்கு வந்தா குழாயடியிலயும் அந்தத் துணியை ஓட்டிப் பார்ப்பா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

இப்ப என் வீட்டுக்காரர். மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. பதினோரு வருஷமா வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல விமானம் கட்டறார். ஆமாங்க, நிஜ விமானம். வரைபடத்தை வாங்கி, அலுமினியத் தகடு வெட்டி, ஒவ்வொரு ரிவெட்டா அடிச்சு, ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி. இவரை சிநேகிதங்க கூப்பிடறது "கிராம்". எடை போடாம ஒரு ஆணி கூட அந்த விமானத்துக்குள்ள போகாது. என் சமையல் தராசு ஷெட்டுக்குப் போய் பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் திரும்பி வரலை. பெடல்ல ஓட்டை போட்டு இருபது கிராம் குறைச்ச அன்னிக்கு என்னவோ பிள்ளை பரீட்சையில ஜெயிச்ச மாதிரி ஒரு சந்தோஷம். ஒரு நாள் என்னையே மேலேயும் கீழேயும் பார்த்தார். "என்ன பார்க்கறீங்க?"ன்னேன். "ஒண்ணுமில்லை"ன்னுட்டு ஓடிட்டார்.

ரெண்டாவது சீட்டு எனக்காம். என் பழைய நீலப் போர்வையை வெட்டி அதுக்கு உறை தைச்சு வச்சிருந்தார். "நீங்க தலைகீழா நின்னாலும் நான் ஏறமாட்டேன்"னு சொல்லியிருந்தேன். பயம்தான், வேறென்ன? அவர் ஆசையைக் கெடுக்கவும் மனசு வராது, ஏறவும் தைரியம் வராது.

விமானம் சக்கரத்துல நின்ன வாரம் நாத்தனார் பார்க்க வந்தா. இறக்கையைப் பார்க்கலை, இன்ஜினைப் பார்க்கலை, நேரா கீழே குனிஞ்சு சக்கரத்துகிட்டப் போயிட்டா. சக்கரத்தோட டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிபர் வரைக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஓடுச்சு. அதை நகத்தால கீறிப் பார்த்தா.

"டேய், இது என்னடா? ஜூஸ் குடிக்கிற குழாயா?"

"நைலான்க்கா. வரைபடத்துலயே அதான் போட்டிருக்கு. எத்தனையோ பேர் இதை மாட்டிக்கிட்டுப் பறக்கறாங்க."

"பறக்கறாங்க சரி. நிக்கறாங்களா?"

"அக்கா, ஆரம்பிக்காதே."

"டிஸ்க் எவ்ளோ சூடாகும்னு உனக்குத் தெரியுமாடா? வேகமா வர்ற ஆம்புலன்ஸை ஒரு தடவை அமுக்கி நிறுத்திட்டு டிஸ்க்ல தண்ணி தெளிச்சா, தோசைக்கல்லு மாதிரி சொய்ங்குது. அதுகிட்டப் போய் பிளாஸ்டிக்கை வைப்பியா? இரும்பு வலை பின்னின ஹோஸ் போடு."

"முந்நூறு கிராம் கூடும்க்கா."

"மூணு தக்காளிடா அது!"

"விமானத்துல மூணு தக்காளி மூணு தக்காளி இல்லைக்கா."

இப்படியே அரைமணி நேரம். இவர் மசியலை. அவ பேசிக்கிட்டே பிரேக் ஆயில் டப்பாவோட மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தா. விரலை விட்டு எடுத்து மோந்தா. சட்டுனு முகம் மாறிப் போச்சு. மூடியைத் திருகிட்டு, காபி கூடக் குடிக்காம கிளம்பிட்டா. தோத்துட்டா போலன்னு நினைச்சு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில முதல் ஓட்டம். பறக்கறது இல்லை, தரையிலேயே வேகமா ஓடி நிக்கறது. எங்க ஊர் பல் டாக்டர் ஒருத்தர் சொந்தமா சின்ன விமானம் வச்சிருக்கார். அவர் பறக்கிற ஓடுபாதைதான். பயிருக்கு மருந்து தெளிக்கிற விமானங்களுக்காகப் போட்ட மண் பாதை, அதோட கடைசியில ஆழமான வாய்க்கால். இவர் எல்லாத்தையும் சரி பார்த்தார். ஆயில் டப்பாவுக்குள்ள கம்பியை விட்டு மட்டம் மட்டும் பார்த்தார், சரியா இருந்தது. நானும் நாத்தனாரும் டாக்டரும் ஓரமா நின்னோம்.

முதல்ல மெதுவா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நாலு தடவை ஓட்டினார். "வலது சக்கரம் இழுக்கற மாதிரி இருக்கு"ன்னு கத்தினார். "புதுசுல அப்படித்தான் இருக்கும்"னார் டாக்டர். அஞ்சாவது தடவை வேகமா வந்தார். எங்களைத் தாண்டினப்ப வலது சக்கரத்துல இருந்து மெல்லிசாப் புகை. அப்புறம் பிரேக்கை அமுத்தினது தெரிஞ்சது, ஏன்னா விமானம் நிக்கலை, பட்டுனு இடது பக்கம் திரும்புச்சு. வலது பிரேக் போயிடுச்சு, இடது மட்டும் பிடிக்குது. சுத்திக்கிட்டே போய் வாய்க்கால் கரையில ஒரு சக்கரம் இறங்கி, முன்னால சுத்தற விசிறி மண்ணுல அடிச்சு முறிஞ்சு நின்னுது. வலது சக்கரத்துல தீ.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நாத்தனார் ஓடினா. அந்த உடம்பை வச்சுக்கிட்டு அவ அப்படி ஓடுவான்னு கனவுலயும் நினைக்கலை. அவ வண்டியில எப்பவும் தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு கிடக்கும், நான் அதைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. அதை எடுத்துக்கிட்டுப் போய் அடிச்சு அணைச்சுட்டு, தம்பியைச் சட்டைக் காலரைப் பிடிச்சு வெளியே இழுத்துப் போட்டா. அவருக்கு நெத்தியில நாலு தையல். அவ்வளவுதான். அவ்வளவுதான்னு இப்பச் சொல்றேன்.

மறுநாள் ஷெட்டுல எல்லாரும் கூடியிருந்தோம். வலது சக்கரத்துகிட்ட நைலான் குழாய் உருகி, வாய் பிளந்து தொங்குச்சு. டாக்டர் தலையை ஆட்டினார். "அக்கா சொன்னப்பவே கேட்டிருக்கணும்." இவரும் தலையில கட்டோட, "தப்பு என்னோடதுதான்க்கா. மூணு தக்காளிக்குப் பார்த்துட்டேன்"னார். எனக்கே அவளைப் பார்க்க வெட்கமா இருந்தது. அவ சொன்னது பலிச்சுடுச்சு, இனி வாழ்நாள் பூரா இதைச் சொல்லிக் காட்டுவான்னு எனக்கு வேற கவலை.

அவ தரையில உட்கார்ந்து காலிபரைப் பிரிச்சுக்கிட்டிருந்தா. உள்ளே இருந்து பிரேக்கைத் தள்ற பிஸ்டன் வெளியே வரவே மாட்டேன்னுது. நெம்பி எடுத்தா. அதுல இருந்த ரப்பர் வளையத்தைக் கழட்டி உள்ளங்கையில வச்சுப் பார்த்தா. அது தன் பள்ளத்துல திரும்ப உட்காரலை, அவ்வளவு ஊதியிருந்தது. பக்கத்துல நின்ன எனக்கு மட்டும் அவ முகம் தெரிஞ்சது. உள்ளங்கையை மூடிக்கிட்டா. எழுந்து வெளியே போனா. அந்த வளையத்தைத் தூக்கி எறிஞ்சிருந்தா ஒரு ஈ, காக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது.

திரும்ப வந்தா. வளையத்தை மேஜை மேல வச்சா.

"குழாய் உருகினது சூட்டுல. சூடு வந்தது பிரேக் பிடிச்ச பிடியை விடாததால. பிடி விடாதது இந்த வளையம் ஊதினதால. ஊதினது ஆயிலால. அந்த ஆயிலை மாத்தினது நான்."

யாருக்கும் ஒண்ணும் புரியலை. அவளே சொன்னா. விமானத்தைப் பார்க்க வந்த அன்னிக்கு டப்பாவைத் திறந்தப்ப உள்ளே சிவப்பு ஆயில் இருந்திருக்கு. ஆம்புலன்ஸுல சிவப்பு ஆயில்னா ஸ்டியரிங்குக்கு ஊத்தறது. அதை ஒரு தடவை எவனோ பிரேக்குல ஊத்தி, ரப்பர் எல்லாம் ஊதி, நோயாளியோட போன வண்டி நடுரோட்டுல சக்கரம் இறுகி நின்னிருக்கு. அது அவ மனசுல அப்படியே கிடந்திருக்கு. தம்பி முட்டாள்தனமா ஆயிலை மாத்தி ஊத்திட்டான், சொன்னாலும் கேட்கமாட்டான்னு நினைச்சு, நாங்க வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம் வந்து, சிவப்பை முழுக்க வடிச்சுட்டு, தன் பட்டறையில ஊத்தற நல்ல பிரேக் ஆயிலை நிரப்பிட்டுப் போயிருக்கா.

டாக்டர் மெதுவா சொன்னார். "விமானத்துக்கு அந்தச் சிவப்புதாங்க சரி. இதுல இருக்கிற ரப்பர் வேற ஜாதி. உங்க ஆயில்தான் இதுக்கு விஷம்."

"இப்பத் தெரியுது"ன்னா அவ.

இவர் முகம் செவந்துடுச்சு. "வெளியே போக்கா. இனிமே என் விமானத்துப் பக்கமே வராதே." நான் சும்மா இருப்பேனா? எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "என் புருஷனை உசுரோட கொளுத்தப் பார்த்தீங்களே! எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கணுமா? உங்களை யார் கூப்பிட்டது?"ன்னு, இன்னும் எழுத முடியாததெல்லாம் கேட்டேன். அவ துணியால கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா.

விட்டது சனியன்னு நான் நினைச்சது ஒரே ஒரு ராத்திரிதான். எனக்கு பேக்கரியில அடுப்பு வேலை. காலை பத்து மணிக்குக் கடைசி ரொட்டி இறங்கும். மறுநாள் பத்தேகாலுக்குப் பின்வாசல்ல ஒரு பெரிய பையோட நிக்கறா.

"எதுக்கு வந்தீங்க?"

"உன் அடுப்புத் தெர்மாமீட்டர் வேணும். காலி ஜாம் பாட்டில் நாலு வேணும்."

"என்ன தைரியம் உங்களுக்கு! நேத்து நான் கேட்டதெல்லாம் காதுல விழலையா?"

"விழுந்தது. இன்னும் திட்டணும்னா திட்டு. திட்டிக்கிட்டே அந்த அடுப்பைப் பத்த வை." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்குச்சு. "அவன் மறுபடியும் ஓட்டுவான், நீ தடுத்தாலும் ஓட்டுவான். நான் கெடுத்ததை நான்தான் சரி பண்ணணும். இந்தத் தடவை தெரிஞ்சதை வச்சு இல்லை, பார்த்ததை வச்சு."

நான் திட்டினேன். அடுப்பையும் பத்த வச்சேன்.

பேக்கரிக்குப் பின்னாடி செங்கல் அடுப்பு மேல ஒரு தகர டின், அதுல மணல். மணலுக்குள்ள குழாயைப் புதைச்சு, பத்தடி தள்ளி கைப்பம்பும் அழுத்தம் காட்டற மீட்டரும். முதல்ல நைலான். நான் தெர்மாமீட்டரைப் படிக்க, அவ பம்பைப் பிடிச்சுக்கிட்டா. நூறு டிகிரியில கம்முனு இருந்தது. நூத்தி இருபதுல மீட்டர் முள் தயங்குச்சு. நூத்தி ஐம்பதைத் தாண்டினதும் மணலுக்குள்ள டொப்புனு ஒரு சத்தம், முள் விழுந்துடுச்சு, குப்புனு புகை. மூடியைப் போட்டு அமுக்கினா. "இதைத்தான் தம்பி காலுக்கடியில வச்சிருந்தான்"னா. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ பார்க்காத மாதிரி அடுத்த குழாயை எடுத்தா.

அடுத்தது செம்பு. வளைக்க அவ்வளவு சுகம், சூட்டையும் தாங்குச்சு. ஆனா அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், அதிர்ற இன்ஜின்ல கட்டி நாலு நாள் விட்டா. மூட்டுகிட்ட முடி மாதிரி விரிசல். தூக்கி ஓரம் போட்டா. அப்புறம் ஆம்புலன்ஸோட சொந்த ரப்பர் ஹோஸ். இருபத்திரண்டு வருஷமா அவ கையால மாட்டினது. அழுத்தத்தைத் தாங்குச்சு, ஆனா வெட்டி ஒரு துண்டை சிவப்பு ஆயில்ல போட்டதும் உள் ரப்பர் கொழகொழன்னு ஆயிடுச்சு. அதையும் ஓரம் போட்டா. அதைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்னுச்சு.

ஜாம் பாட்டிலுங்கள்ல விமானத்து ரப்பர் வளையங்கள் ஊறின. ரெண்டுல சிவப்பு, ரெண்டுல அவ ஆயில். பத்தாம் நாள் எடுத்து விரல்ல மாட்டிப் பார்த்தா. சிவப்புல ஊறினது சிக்குனு நின்னுச்சு. அவ ஆயில்ல ஊறினது லொடலொடன்னு சுத்துச்சு. எங்க முதலாளி எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா மோதிரம்?"னார். "என் முட்டாள்தனத்துக்குங்க"ன்னா அவ, சிரிக்காம.

கடைசியில, எல்லாச் சோதனையையும் தாங்கினதை மட்டும் ஒரே ஒரு தாள்ல எழுதினா. விமானத்தைத் தாங்கற சக்கரக் கால் நெடுக மெத்துனு வளையற அலுமினியக் குழாய். சக்கரத்துகிட்ட, ஆடி அசையற இடத்துல, உள்ளே ஒட்டாத தோசைக்கல்லுல பூசற டெஃப்லான், வெளியே இரும்பு வலை பின்னின ஹோஸ். நைலான் மேலே ஒரே இடத்துல இருக்கலாம், டப்பாவுல இருந்து ஆயில் தானா இறங்கற சின்னத் துண்டு, அங்க அழுத்தமும் இல்லை சூடும் இல்லை. ரப்பர் வளையம் ஒண்ணு விடாம புதுசு. ஆயில் சிவப்பு. கூடற எடை முந்நூற்றுப் பத்து கிராம். கீழே, "ஒவ்வொண்ணையும் நீயே செஞ்சு பாரு. என்னை நம்பாதே"ன்னு எழுதி, ஷெட்டுக் கதவடியில தள்ளிட்டுப் போயிட்டா.

இவர் அந்தத் தாளை ரெண்டு நாள் சட்டைப் பையிலேயே வச்சிருந்தார். மூணாவது நாள் என்கிட்ட வந்து, "அந்த மணல் டின்னு இன்னும் இருக்கா?"ன்னார். திரும்ப எல்லாத்தையும் செஞ்சோம், நானும் அவரும். அதே நூத்தி ஐம்பதுக்கு மேல அதே டொப்பு. வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டார். "வளையம் எல்லாம் வரவழைச்சிருக்கேன். நீ வந்து மாட்டு." கொஞ்சம் நிறுத்தி, "ஆயிலை நான் ஊத்திக்கறேன்"னார்.

அவ வந்தா. பழைய குழாய், பழைய ரப்பர் எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு, பாகங்களைக் கழுவி, ஊதிக் காய வச்சு மாட்டினா. ரெண்டு வாரம். டப்பா மூடிக்கு சிவப்புப் பெயின்ட் அடிச்சு, "சிவப்பு மட்டும். அக்கா சொன்னாலும் வேற ஊத்தாதே"ன்னு எழுதினா. இவர் முந்நூற்றுப் பத்து கிராமை எங்கேயாவது குறைக்கணும்னு தன் பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாத்தையும் தராசுல போட்டுக்கிட்டிருந்தார்.

புது விசிறி வந்து, விமானம் மறுபடியும் அந்த மண் பாதையில நின்னுது. வாய்க்காலுக்கு நூறு அடி முன்னாடி டாக்டர் சுண்ணாம்புக் கோடு போட்டார். அதைத் தாண்டாம நிக்கணும். இவர் ஏறப் போனவர் திரும்பி, "அக்கா, ஏறு"ன்னார்.

"நானா? என் எடை எண்பத்திரண்டு கிலோடா."

"தெரியும். ரெண்டு ஆள் பாரத்துல நின்னாத்தான் பிரேக்கு. அமுத்திப் பார்த்துட்டு ஏறு."

மூணு தடவை அமுத்திப் பார்த்தா. நீல உறை போட்ட சீட்டுல உட்கார்ந்தா. முந்நூறு கிராமுக்கு மல்லுக்கு நின்ன மனுஷன் எண்பத்திரண்டு கிலோவை ஏத்திக்கிட்டுப் போறார்! சிரிக்கணும்னுதான் தோணுச்சு, சிரிப்பு வரலை. பாதையோரமா இருந்த கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

விமானம் வேகமா வந்தது, எங்களைத் தாண்டினது. புகை இல்லை. பிரேக் பிடிச்சப்ப மூக்கு அமுங்குச்சு, இடமும் போகலை வலமும் போகலை, நேரா, கோட்டுக்கு நாற்பது அடி முன்னாடி நின்னுது. உடனே திரும்பி, அதே மாதிரி இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. சூடேறட்டும்னு வேணும்னே அஞ்சு தடவை நிறுத்தினாங்க. அஞ்சாவது தடவையும் கோட்டைத் தொடலை.

நான் ஓடினேன். நாத்தனார் அதுக்குள்ள இறங்கி, சக்கரத்துகிட்டக் குந்தி உட்கார்ந்திருந்தா. டிஸ்க்ல இருந்து அனல் என் முகத்துல அடிச்சது. இடுப்புத் துணியை எடுத்து, ஒரு மூட்டைத் துடைச்சா, பார்த்தா. அடுத்ததைத் துடைச்சா, பார்த்தா. வலது முடிஞ்சு இடது. எல்லாம் முடிஞ்சதும் துணியை என்கிட்ட நீட்டினா, தம்பிகிட்ட இல்லை. வெயில்ல விரிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். புழுதி இருந்தது. ஈரம் துளி இல்லை.

அவ மறுபடியும் ஏறப் போய், அந்த நீலச் சீட்டு மேல கையை வச்சா.

"நகருங்கக்கா"ன்னேன். "அது என் சீட்டு."